பிம்: சாஃப்ட்வேர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பாத்ரூம் பைப்ப பாருங்க

கொளத்தூர்ல ஸ்டில்ட் (கீழ தூண் மட்டும் நிக்குற பார்க்கிங்) மேல நாலு மாடி, எங்க கம்பெனி வேலை. முதல் ஸ்லாப் போட்டு சென்ட்ரிங் (கான்கிரீட்ட தாங்குற பலகை, முட்டு) பிரிச்ச அன்னிக்கு ப்ளம்பர் அண்ணன் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு கேட்டாரு, "இன்னா சார், இந்த பைப்பு பீமுக்குள்ள பூந்து போவுமா?" ஆர்க்கிடெக்ட் டிராயிங்ல பாத்ரூம் சரி, ஸ்ட்ரக்சரல் டிராயிங்ல பீமும் சரி, ரெண்டையும் ஒண்ணா வச்சு யாரும் பாக்கல. கோர் கட்டிங் போட்டு ஓட்டை போட்டுரலாமானு நான் கேட்டதுக்கு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் போன்லயே வெளுத்து வாங்கிட்டாரு. கடைசில பைப்ப பீமுக்கு அடியில இறக்கி விட்டோம், இன்னிக்கும் அந்த பார்க்கிங்ல உயரமான ஆளு குனிஞ்சுதான் போகணும்.

அதுக்கப்புறம்தான் பிம், அதாவது பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் பக்கம் போனோம். நிறைய பேர் இத 3டி படம்னு நினைச்சுக்கறாங்க, இல்ல. ஆட்டோகேட்ங்குற டிராயிங் சாஃப்ட்வேர்ல சுவர்னா ரெண்டு கோடு, அவ்ளோதான். இதுல அந்த சுவருக்குள்ளயே எத்தனை எம்எம், எந்த மாடி, என்ன கல்லு எல்லாம் இருக்கும், ப்ளான்ல நகத்துனா செக்‌ஷன்லயும் தானா நகரும்.

ஸ்டெப் 1: எதுக்குனு முடிவு பண்ணுங்க

கம்பெனி பூரா ஒரே நாள்ல மாத்த போனீங்கன்னா ரெண்டு மாசத்துல எல்லாரும் பழைய ஆட்டோகேட்டுக்கே ஓடிருவாங்க. ஒரு பில்டிங், ஒரு பிரச்சனை. நாங்க எடுத்தது பைப்-பீம் மோதல் மட்டும்.

ஸ்டெப் 2: யாரு உக்காரணும்

புதுசா கோர்ஸ் முடிச்ச ஒரு பையன், கூடவே இருபது வருஷமா டிராயிங் போடுற பழைய டிராஃப்ட்ஸ்மேன். பையன மட்டும் விட்டா மாடல் அழகா வரும், கட்டத்தான் முடியாது.

ஸ்டெப் 3: சாஃப்ட்வேர்

பிம் மாடல் போட பெரும்பாலும் ரெவிட்தான். லைசன்ஸ் காசு கைய கடிச்சா, பிளெண்டர்ங்குற 3டி சாஃப்ட்வேர்ல சேத்துக்குற பான்சாய்னு ஒண்ணு ஃப்ரீயா இருக்கு, பழக கொஞ்சம் பொறுமை வேணும். ரெவிட் எடுத்தா ஒரு விஷயம்: புது வெர்ஷன்ல சேவ் பண்ண ஃபைல் பழைய வெர்ஷன்ல திறக்கவே திறக்காது, அதனால கன்சல்டன்ட் எந்த வருஷ வெர்ஷன்ல இருக்காருன்னு முதல் நாளே கேட்டுருங்க. அவரு வேற சாஃப்ட்வேர் வச்சிருந்தா ஐஎஃப்சி ஃபைலா வாங்கிக்கலாம், அது எல்லாருக்கும் பொதுவான ஃபார்மேட்.

ஸ்டெப் 4: ஆரம்பப் புள்ளி, மட்டம், ஃபோல்டர்

இதத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. தூண் வரிசைய காட்டுற கிரிட் கோடு ஏ-யும் 1-ம் வெட்டுற இடம்தான் பூஜ்யம்னு மாடல் போடுற எல்லாரும் ஒத்துக்கணும், இல்லனா மாடல்கள சேக்கும்போது ஆர்க்கிடெக்ட் பில்டிங் பெரம்பூர்லயும் ஸ்ட்ரக்சர் மணலிலயும் நிக்கும். மட்டமும் அப்படித்தான். ஆர்க்கிடெக்ட் டைல்ஸ் மட்டத்த சொல்லுவாரு, ஸ்ட்ரக்சரல் ஸ்லாப் மட்டத்த சொல்லுவாரு, நடுவுல 50 எம்எம் காணாம போயிரும்.

ஃபைலுக்கு 'ஃபைனல் நியூ லேட்டஸ்ட் 2'னு பேர் வைக்கிற பழக்கம் எங்களுக்கும் இருந்துச்சு. பிம் ஃபைல்கள எப்படி வச்சுக்கணும்னு சொல்ற ஐஎஸ்ஓ 19650 ஸ்டாண்டர்ட்ல இருக்குற மாதிரி நாலா பிரிச்சோம்: வேலை நடக்குறது, மத்தவங்க பாக்க குடுத்தது, சைட்டுக்கு அனுப்புனது, பழசு. சைட்டுக்கு போறது மூணாவது ஃபோல்டர்ல இருந்து மட்டும்.

ஸ்டெப் 5: மோதல் பாக்குறது

மாடல்கள ஒண்ணா சேத்து மோதல் பாக்குற சாஃப்ட்வேர் நேவிஸ்வொர்க்ஸ். அதுல எல்லாத்தையும் எல்லாத்தோடயும் மோத விட்டீங்கன்னா ஆயிரக்கணக்குல வந்து கொட்டும், பாத்து மிரளாதீங்க, பாதிக்கு மேல ஒரே பைப்பு திரும்ப திரும்ப வர்றதுதான். முதல்ல ட்ரெயினேஜ் பைப்பும் பீமும் மட்டும். ஏன் ட்ரெயினேஜ்? ஒயர வளைக்கலாம், தண்ணி லைன ஏத்தி இறக்கலாம், இதுக்கு வாட்டம் வேணும். 60க்கு 1 வாட்டம் வச்சா 6 மீட்டர் ஓடுறதுக்குள்ள பைப்பு 100 எம்எம் இறங்கிரும். 450 எம்எம் பீம்ல 125 ஸ்லாப்போட போச்சுன்னா மீதி 325 கீழ தொங்கும், அத தாண்டி வாட்டத்தோட போகணும். பைப்ப மாடல்ல நேரா வரைஞ்சா இது தெரியவே தெரியாது, வாட்டத்தோடயே வரைங்க.

ஸ்டெப் 6: ஸ்கிரீன சைட்டுக்கு கொண்டு போங்க

என்ன கேட்டா பிம்முல பாதி வேலை இதுதான். செவ்வாக்கிழமை சாயங்காலம் டீ டைம்ல சைட் ஆபிஸ் டிவில மாடல போட்டு மேஸ்திரி, ப்ளம்பர், எலக்ட்ரீஷியன் மூணு பேரையும் உக்கார வச்சோம். முதல் வாரமே மேஸ்திரி, "சார், இந்த ஷாஃப்டுக்குள்ள ஆளு கைய வுட்டு பைப்ப டைட் பண்ண முடியாது"ன்னாரு. சாஃப்ட்வேர் அத மோதல்னே காட்டல.

ஸ்டெப் 7: அளவு எடுக்குறது

பீமும் ஸ்லாப்பும் ஒண்ணோட ஒண்ணு ஜாயின் ஆகலனா கான்கிரீட் ரெண்டு தடவ எண்ணப்படும். அப்புறம் பூச்சு வேலைல அளவு எடுக்குற இந்திய ஸ்டாண்டர்ட் ஐஎஸ் 1200 படி 0.5 சதுர மீட்டர் வரைக்கும் உள்ள ஓட்டைய கழிக்க மாட்டோம், மாடல் எல்லா ஓட்டையையும் கழிச்சிரும். பூச்சு மேஸ்திரி பில்லுல நேரா அந்த நம்பர போட்டீங்கன்னா சண்டைதான்.

ரெண்டாவது பில்டிங்குக்கு இதே அமைப்ப டெம்ப்ளேட்டா தூக்கிட்டு போங்க, கன்சல்டன்ட் ஒப்பந்தத்துலயே மாடல் குடுக்கணும்னு ஒரு வரி சேத்துருங்க. கான்கிரீட் போடுறதுக்கு முந்தின நாள் மாடல்ல எத்தனை ஸ்லீவ் (பைப் போக கான்கிரீட்ல விடுற குழாய்) இருக்குன்னு எண்ணி, சென்ட்ரிங் மேல ஏறி அத்தனையும் இருக்கான்னு எண்ணுங்க. போன தடவ மாடல்ல 14, மேல 13. மிச்ச ஒண்ணு மணல் குவியல் பக்கத்துல கெடந்துச்சு.