பழைய ஜிப்சிக்கு சர்ஜ் டேங்க் பொருத்துவது எப்படி

மண்டபத்திலிருந்து பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். டேங்கில் கால் பங்கு பெட்ரோல். உச்சியை நெருங்கும்போது வண்டி இரண்டு முறை திக்கியது, இழுவை போய்விட்டது. இறக்கத்தில் தானாகவே சரியானது. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள மாருதி ஜிப்சி ஜீப்பை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இன்ஜின்மேல் சந்தேகப்பட்டு நான்கு நாள் வீணாக்கினேன். கோளாறு டேங்கில் இருந்தது.

கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. மேட்டிலோ வளைவிலோ டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் ஒரு நொடி காற்றை இழுத்தாலும், கிண்ணத்தில் இருப்பது இன்ஜினைக் காப்பாற்றிவிடும். இன்ஜெக்‌ஷனில் அந்தக் கிண்ணம் இல்லை; பம்ப் தரும் அழுத்தத்தில் பெட்ரோல் நேராகப் பீய்ச்சப்படுகிறது. பம்ப் காற்றை இழுத்த அந்த நொடியே பிரஷர் விழுந்துவிடும். கார்புரேட்டருக்கு 0.3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) போதும். இன்ஜெக்‌ஷனுக்குப் பெரும்பாலும் 3 பார் வேண்டும். தொலைந்துபோன அந்தக் கிண்ணத்தை வேறொரு வடிவில் திரும்பக் கொண்டுவருவதுதான் இந்த வேலை. அந்த வடிவத்தின் பெயர் சர்ஜ் டேங்க்: பழைய டேங்குக்கும் பெரிய பம்புக்கும் நடுவே எப்போதும் நிறைந்திருக்கும் ஒரு சின்ன டேங்க்.

வண்டியோடு வந்த கம்பெனி டேங்கை அறுத்து, பெட்ரோல் ஒதுங்காதபடி உள்ளே தடுப்புத் தகடு வைப்பதும் ஒரு வழிதான். புதிதாகக் கற்பவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பெட்ரோல் வடித்த காலி டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். காலி டேங்கில் அந்தக் கலவை சுலபமாக உருவாகும். தண்ணீர் விட்டு அலசிவிட்டோம் என்று நம்பி வெல்டிங் வைக்காதீர்கள். மடிப்புகளிலும் துருவிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாகும். சர்ஜ் டேங்க் முறையில் பழைய டேங்கைத் தொட்டு வெல்டிங் வைக்கும் தேவையே இல்லை. அதனால்தான் இதைச் சொல்லித் தருகிறேன்.

தொடங்குமுன் காகித வேலை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் மாற்றம் அதில் வருமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து கணக்கு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு, குதிரைத்திறனை 0.3 ஆல் பெருக்கினால் முழு வேகத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் தேவை என்று தோராயமாகக் கிடைக்கும். 80 குதிரைத்திறன் என்றால் 24 லிட்டர். தாராளமாக இன்னொரு மடங்கு சேர்த்தாலும், 3 பாரில் மணிக்கு 50 லிட்டர் தள்ளும் பம்ப் போதும். கடையில் 255 லிட்டர் பம்பை எடுத்துக் காட்டுவார்கள், ஆசைப்படாதீர்கள். இன்ஜின் குடிக்காத பெட்ரோல் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து சூடாகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்தச் சூட்டிலேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்பைத் திணறடிக்கும்.

சர்ஜ் டேங்கைப் புதிதாகச் செய்துகொள்ளலாம், ஒன்றரை லிட்டர் கொள்ளளவு போதும். குட்டையாகவும் அகலமாகவும் இருக்கக் கூடாது, உயரமாக, ஒல்லியாக இருக்கட்டும். நான்கு வாய்கள்: அடியில் ஒன்று, மேலே மூன்று. படகு வேலை செய்யும் பட்டறைகளில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நன்றாக ஒட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 316 ரகம் கேளுங்கள். 304 மலிவு, ஆனால் உப்புக் காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும். செய்து வாங்கியதும், ஒரு சொட்டுப் பெட்ரோல் படுவதற்கு முன்பே, வாய்களை அடைத்து 5 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது வண்டிக்கு வருவோம். திறந்த வெளியில் நிறுத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பவுடர் தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்ரோலை வாயால் உறிஞ்சாமல் கைப்பம்பால் எடுங்கள். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்து வீட்டு அடுப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு இப்படி. கம்பெனி டேங்கின் பழைய குழாயிலிருந்து, குறைந்த பிரஷரில் தள்ளும் சின்ன பம்ப் சர்ஜ் டேங்கின் மேல் வாய்க்குப் பெட்ரோலைக் கொண்டுவரும். அடி வாயிலிருந்து 3 பார் பம்ப் எடுக்கும். அங்கிருந்து ஃபில்டர், இன்ஜெக்டர் ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாய்), ரெகுலேட்டர் (பிரஷரை ஒரே அளவில் வைப்பது). ரெகுலேட்டர் திருப்பி அனுப்புவது சர்ஜ் டேங்கின் இரண்டாவது மேல் வாய்க்கு வரும். மூன்றாவது மேல் வாயிலிருந்து, மிஞ்சியதும் காற்றும் கம்பெனி டேங்குக்குப் போய்விடும். திரும்பி வருவது சர்ஜ் டேங்குக்கே வருவதால், சின்ன பம்ப் இன்ஜினின் உச்சத் தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் போதும்.

பெரிய பம்புக்கு, அதாவது 3 பார் பம்புக்கு, தள்ளத் தெரியும், உறிஞ்சுவதில் பலவீனம். அதைச் சர்ஜ் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே வையுங்கள். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் ஃபில்டர், பின்னால் அதைவிட நுண்ணிய 10 மைக்ரான். மாற்றி வைத்தால் பம்ப் பட்டினி கிடந்து எரிந்துபோகும். ஆட்கள் உட்காரும் அறைக்குள் சர்ஜ் டேங்கை வைக்கவே கூடாது. சைலன்சர் குழாயிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

ஹோஸ் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். மேலே 30ஆர்9 (இன்ஜெக்‌ஷன் பிரஷரைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸின் தரக் குறியீடு) என்று அச்சிட்டதை வாங்குங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, பழைய ரப்பரை அது ஊதவைத்து விரிசல் விடவைக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். கடலோர ஈரக்காற்றில் பாதி காலியான டேங்கை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கலாம், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

சர்ஜ் டேங்கைப் பிடிக்கும் பட்டைக்கு அடியில் சாக்கோ ஃபெல்ட்டோ வைக்காதீர்கள், உப்பு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் பட்டை வையுங்கள். கம்பெனி டேங்கின் காற்றுக்குழாய் முனையை உயரத்தில் கட்டி, மணல் போகாதபடி சின்ன ஃபில்டர் போடுங்கள். தனுஷ்கோடிக் கடைசியில் இருக்கும் அரிச்சல்முனை மணல் எங்கும் நுழையும்.

வயரிங்கில் இரண்டு பம்புக்கும் தனித்தனி ரிலே (சின்ன மின்சாரத்தால் இயங்கும் தானியங்கி சுவிட்ச்), தனித்தனி ஃபியூஸ். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலேயை ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இயக்க வேண்டும். நேரடி சுவிட்ச் மட்டும் வைத்தால், விபத்தில் அறுந்த குழாய் வழியே பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஒன்றில் சமரசம் வேண்டாம்.

சரி, சோதனை. பத்து லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு கிளிப்பையும் காய்ந்த வெள்ளைத் துணியால் தொட்டுப் பாருங்கள். பெட்ரோல் பிரஷர் கேஜ் 3 பாரில் நிற்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் கிளிப்புகளை மறுபடி இறுக்கி, முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். எனக்கு முதல் தடவை காப்பித்தூள் மாதிரி துரு வந்தது, அதாவது பழைய டேங்க் உள்ளே அரித்திருந்தது. மூன்று ஃபில்டர் மாற்றிய பிறகுதான் சுத்தமாயிற்று.

அப்புறம் அதே பாலத்தில், அதே கால் டேங்க் பெட்ரோலோடு, நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து கேஜைப் பார்க்கச் சொல்லி ஏறினேன். முள் அசையவில்லை. தனுஷ்கோடி வரை போய்த் திரும்பி, வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினேன். கடற்கரைக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.