கீழடிக்கும் குமரிக்கண்டத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அவ்வப்போது ஒரு படம் வரும். மடகாஸ்கரில் தொடங்கி ஆஸ்திரேலியா வரை நீளும் பச்சை நிலம், நடுவில் குமரிக்கண்டம் (கடலில் மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் தமிழர் கண்டம்) என்று கொட்டை எழுத்து, அதன் கீழே 'கார்பன் டேட்டிங்கில் உறுதி'.

முதல் தவறு அந்தக் கடைசி வரிதான். கார்பன் டேட்டிங் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கு மட்டும்தான் பொருந்தும். கரி, எலும்பு, நெல்மணி, இப்படி. உயிர் போனதும் அதிலுள்ள கார்பன்-14 குறையத் தொடங்கி 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும், சுமார் 50,000 ஆண்டு தாண்டினால் அளக்கும் அளவுக்கு மிச்சமே இருக்காது. ஆகவே 'கற்சிலையைக் கார்பன் டேட்டிங் செய்தார்கள்' என்று எவராவது எழுதியிருந்தால் அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, கண்டத்துக்குச் செய்ததாகச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது, இதோடு முடிச்சுப் போட்டுப் பகிரும் கீழடிக் கணக்கு. வைகைக்கரை அகழாய்வுத் தளமான கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தது. அதாவது இன்றைக்குச் சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன். இதைப் பகிர்கிறவர் 'கி.மு. 2600' என்று தட்டிவிட்டால் போதும், வைகைக்கரை ஒரே நொடியில் மொகஞ்சதாரோ காலத்துக்குப் போய்விடும். வேண்டுமென்றே செய்வதில்லை, ஆனால் திருத்தினால் கோபம் மட்டும் வருகிறது.

அப்புறம், அந்த 580 மொத்த ஊருக்கும் போட்ட முத்திரை அல்ல, அந்தக் கரித்துண்டின் வயது. அதே மண்ணடுக்கில் கிடைத்த பானை ஓட்டுக்கும் அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டுமென்றால், இடையில் எலி வளையோ பிற்காலத்தில் யாராவது தோண்டிய குழியோ அடுக்கைக் கலைக்கவில்லை என்று காட்ட வேண்டும். கீழடியில் கிடைத்த, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள ஓடுகளின் காலத்தைப் பற்றி ஆய்வாளர்கள் வாதாடுவது இதை வைத்துத்தான். அப்படிக் கேள்வி கேட்டவர்களை உடனே தமிழ்ப் பகைவர் என்று திட்டிவிடுகிறோம். கேள்வி கேட்பது அவர்கள் வேலைங்க.

சரி, குமரிக்கண்டம். அதற்கு இன்னொரு பெயராகச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயரை 1864-இல் வைத்தவர் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர். மடகாஸ்கரில் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கு, இந்தியாவில் அதன் தூரத்து உறவான தேவாங்கு, நடுவில் கடல். அப்படியானால் இடையில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். மனிதர்களைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. நிலத்தட்டுகள் நகர்வது தெரியவந்த பிறகு அந்த ஊகம் தேவைப்படவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன், அன்று மனிதனே கிடையாது.

'சிலப்பதிகாரம் பொய்யா?' என்று கேட்பார்கள். பொய் என்று யார் சொன்னது? பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டது என்று அது பாடுகிறது. மூழ்கிய நிலம் 700 காவதம் (பழைய தூர அளவு), 49 நாடு என்ற கணக்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அடியார்க்கு நல்லாரின் உரையில் உள்ளது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்து இருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம், பிறகு கரையோர நிலம் நிறையவே மூழ்கியது. கரை மூழ்கியதற்கு இது சான்று, கண்டம் மூழ்கியதற்கு அல்ல.

கடைசியாக ஒன்று, படிப்பவர்களைவிட ஆர்வத்தில் ஊர் சுற்றுகிறவர்கள் செய்வது. உறவினர் ஒருவர் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் கருப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. "மூவாயிரம் வருஷம்" என்றார். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள் மாமா என்று கேட்டேன்.

"ஆழமெல்லாம் இல்லப்பா, மழை பெஞ்சு மேலயே கிடந்துச்சு. எந்தக் காடுன்னுதான் ஞாபகம் வரல."