பொருளாதாரமும் வேலையும்: ஒரு பனியனை வைத்துச் சமூகவியல் படிப்பது எப்படி

சமூகவியலில் இந்தப் பாடம் வந்தாலே மாணவர்கள் வரையறைகளை உருப்போட்டு எழுதிவிட்டு வருகிறார்கள், தேர்வு முடிந்ததும் எல்லாம் போய்விடுகிறது. அப்படிச் செய்யாமல் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அது யார் யார் கைமாறி வந்தது என்று கேட்டுக்கொண்டே போங்கள். திருப்பூர் பனியன் இதற்கு அருமையான பொருள்.

முதலில் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். நூல் வருகிறது, நிட்டிங்கில் துணியாகிறது, சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்புகிறது, அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங். தையலிலேயே ஓவர்லாக் மெஷின் ஓட்டுபவர் வேறு, பேட்லாக் மெஷின் ஓட்டுபவர் வேறு. இதுதான் உழைப்புப் பிரிவினை. இப்படி ஒருவரையொருவர் நம்பியிருப்பதுதான் நவீன சமூகத்தைச் சேர்த்து வைக்கிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1893இல் எழுதினார். கட்டிங் நின்றால் தையலும் நிற்கும் என்பதால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கக் கழுத்து மட்டும் தைத்துத் தள்ளுபவரைப் பாருங்கள்: பனியன் அவருடையதில்லை, எவ்வளவு வேகத்தில் தைப்பது என்பதும் அவர் முடிவில்லை. மார்க்ஸ் 1844இல் அந்நியமாதல் என்று சொன்னது இதைத்தான், எனக்கு அவர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

அடுத்து கூலி ஷிப்ட் கணக்கா, பீஸ் ரேட்டா (தைத்த ஒவ்வொரு பீஸுக்கும் இவ்வளவு என்ற கணக்கா) என்று கேளுங்கள். பீஸ் ரேட் என்றால் சூப்பர்வைசர் அதட்டவே வேண்டாம், தண்ணீர் குடிக்க எழுந்தாலே காசு போகிறது என்று தொழிலாளியே தன்னை விரட்டிக்கொள்வார், சாப்பாட்டு நேரம் தானாகச் சுருங்கிவிடும். உழைப்பின் மீதான கட்டுப்பாடு என்ற கேள்விக்கு இதையே எழுதலாம்.

முறைசாராத் துறை, அதாவது பதிவோ சட்டப் பாதுகாப்போ இல்லாத தொழில்கள், என்ற பகுதியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மானிடவியலாளர் கீத் ஹார்ட் கானாவின் அக்ரா நகரத்தில் பார்த்ததை வைத்து 1970களின் தொடக்கத்தில் இந்தக் கருத்தை முன்வைத்தார் என்று எழுதிவிட்டு, தெருவோரக் கடையோடு நிறுத்திவிடுவார்கள். பெரிய ஏற்றுமதி கம்பெனிக்குள்ளேயே கான்ட்ராக்டர் வழியாக வந்து, பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் இல்லாமல் தைப்பவர் இருந்தால்? கம்பெனி முறைசார்ந்தது, அவர் வேலை முறைசாராதது. இதைக் கட்டாயம் பிரித்துக் காட்டுங்கள்.

சரி, எந்த மேசையில் ஆண், எந்த மேசையில் பெண்? கட்டிங் மாஸ்டர் பெரும்பாலும் ஆண், பிசிறு வெட்டுவதும் செக்கிங்கும் பெரும்பாலும் பெண்கள், கூலியும் அதற்கேற்ப இறங்கும். அந்தப் பெண் விடியற்காலையில் சமைத்து, பிள்ளையைக் கிளப்பிவிட்டு வந்ததையும் உழைப்பில் சேருங்கள். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி 1970களில் லண்டன் இல்லத்தரசிகளிடம் பேசி, வீட்டுவேலையை வேலையாகவே எடுத்து ஆராய்ந்தார்.

நேரில் பேசப் போகிறீர்கள் என்றால் கம்பெனி வாசலில் வேண்டாம், வேலை முடிந்து வீட்டில் இருக்கும்போது பேசுங்கள். சம்பளத்தை முதலில் கேட்காதீர்கள். "நேத்து எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க அக்கா?" என்று தொடங்கினால் மீதியை அவர்களே சொல்வார்கள். பெயரையும் கம்பெனியையும் நோட்டில் எழுத வேண்டாம், அவர்கள் வேலைக்கு ஆபத்தாகிவிடும்.