ரப்பர் பேண்ட் போட்ட போன்

சித்தப்பாவின் போனை மேசையில் வைத்துச் சுண்டிவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றும். பின்மூடி நடுவில் மேடு தட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் ஸ்கிரீன் ஒரு நூல் அளவு எழும்பியிருந்தது. அது கழன்று விழாமல் இருக்க இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

"பேட்டரி உப்பியிருக்கு சித்தப்பா" என்றேன்.

"எப்படிடா? நான் ஒரு நாளும் பாதியில சார்ஜ் போட்டதே இல்ல. முழுசா இறங்கி ஆஃப் ஆனாத்தான் போடுவேன். அப்புறம் விடிய விடிய ஏறும்."

இதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவர் மட்டுமில்லை, நம்மில் பாதிப் பேர் இன்னும் இப்படித்தான் செய்கிறோம். இந்தப் பழக்கம் வந்த இடம் தெரியுமா? நிக்கல் பேட்டரிக் காலம். நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பாதியிலேயே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால், அந்தப் பாதியையே தன் முழுக் கொள்ளளவு என்று எடுத்துக்கொள்ளும் கோளாறு அதற்கு உண்டு. 2000-ல் வந்த நோக்கியா 3310-உடன் கிடைத்ததும் நிக்கல் வகைப் பேட்டரிதான். ஆகவே 'முழுசா இறக்கு', 'முதல்முறை எட்டு மணி நேரம் போடு' என்று கடைக்காரர் சொன்னதில் அன்று கொஞ்சம் பொருள் இருந்தது. 2003-ல் நோக்கியா 1100 வந்தபோது உள்ளே இருந்தது லித்தியம்-அயான். பேட்டரி மாறிவிட்டது, அறிவுரை மாறவில்லை.

லித்தியம் பேட்டரிக்குப் பாதியில் போடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. பலர் 'எத்தனை முறை செருகுகிறோமோ அத்தனை முறை ஆயுள் குறையும்' என்று நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. இன்று 50 சதவீதம் செலவழித்து ஏற்றி, நாளை இன்னொரு 50 செலவழித்தால், இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழுச் சுற்றுக்குப் பிறகும், 15 முதல் 1,000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி செய்யப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்று என்று சட்டமே போட்டுவிட்டது. ஆனால் இதெல்லாம் நல்ல சூழலில் சோதித்த கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் அல்ல.

சரி, முழுதாக ஏற்றினால் என்ன? டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுபவர்கள் மளமளவென்று சீட் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேரைக் கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று திணிக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயான்கள், அதாவது மின்னூட்டம் கொண்ட லித்தியம் அணுக்கள், பேட்டரிக்குள் இருக்கும் கிராஃபைட் என்ற கரி அடுக்குகளுக்குள் போய் உட்காருவதும் இப்படித்தான். 80 சதவீதம் வரை ஓட்டமாக ஏறும் சார்ஜ் அதன்பின் தவழ்வது அதனால்தான். சார்ஜரின் கோளாறு இல்லை. பேட்டரி நிறைய நிறைய அதன் வோல்ட்டேஜ் 4.2-ஐத் தொடும். இப்போதைய பேட்டரிகளில் 4.4-ஐயும் தாண்டும். அந்த உயரத்திலேயே மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தால் உள்ளிருக்கும் ரசாயனக் கரைசல் மெல்லச் சிதையும். வாயு உண்டாகும். ரப்பர் பேண்ட் தேவைப்படும்.

இரவு முழுக்கப் போட்டால் 'ஓவர் சார்ஜ்' ஆகி வெடிக்கும் என்பது அதிகப்படி. நிறைந்ததும் போனே வெட்டிவிடும். ஆனால் நான்கைந்து மணி நேரம் 100-லேயே உட்கார வைக்கிறோமே, தேய்மானம் அங்கேதான். இதற்காக 20-க்குக் கீழே போகக்கூடாது, 80-க்கு மேலே ஏறக்கூடாது என்று கையில் கடிகாரத்தோடு காவல் காப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் போனால், சாம்சங், ஐபோன் 15 முதலான மாடல்கள், இன்னும் பல போன்களில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஊருக்குப் போகும் நாளில் மட்டும் நான் அதை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றுவேன். போன் நமக்காகத்தானே!

பூஜ்யம் வரை இறங்குவது வேறு கதை. திரையில் 0 காட்டும்போதும் பேட்டரியில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துத்தான் போன் அணைகிறது. அதனால் எப்போதாவது ஆஃப் ஆனால் கவலை இல்லை. அப்படியே பீரோவில் ஆறு மாதம் போட்டுவிடுவதுதான் கேடு. அந்த மிச்சமும் வடிந்தால் பிறகு சார்ஜே ஏற்காது. பழைய போனை எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

உண்மையான எதிரி வெப்பம்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்தினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மதுரையிலும் வேலூரிலும் நிழலே அதைத் தாண்டும். அந்த வெயிலில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப் போட்டு, வெளிச்சத்தை முழுதாக வைத்து, கூடவே யுஎஸ்பி சார்ஜரையும் செருகிக்கொண்டு நாள் முழுக்க ஓடும் டெலிவரித் தம்பிகளின் போன் ஒரு வருடத்தில் 'சார்ஜே நிக்க மாட்டேங்குது' நிலைக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. நமக்கு இருக்கிறது: தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ சார்ஜ் போடாமல் இருக்கலாம், கார் டாஷ்போர்டில் விட்டுப் போகாமல் இருக்கலாம், சார்ஜ் ஏறும்போது கேம் ஆடாமல் இருக்கலாம், சுட்டால் தடித்த கவரைக் கழற்றலாம். வயர்லெஸ் சார்ஜரில் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாகவே வீணாகும். சார்ஜருக்குள் இருக்கும் கம்பிச்சுருளை விட்டுப் போன் சற்று விலகி உட்கார்ந்தால் இன்னும் அதிகம். சுடுகிறதே என்று போனைத் தூக்கி ஃபிரிட்ஜில் வைப்பது மகா தவறு. உள்ளே ஈரம் கோக்கும்.

துளை ஒன்று, கேபிள் பல

நோக்கியா காலத்தில் 'பெரிய பின்னா, சின்ன பின்னா' என்று கேட்டால் போதும். பிறகு மைக்ரோ யுஎஸ்பி, 2012-ல் ஐபோனுக்கு லைட்னிங். 24 முனைகள் கொண்ட டைப்-சி 2014-ல் வரையறுக்கப்பட்டது. எப்படித் திருப்பினாலும் நுழையும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் போன்களில் அதையே கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, 2023 செப்டம்பரில், ஐபோன் 15 அதற்கு மாறிவிட்டது. நல்ல காரியம். ஆனால் 'இனி எல்லாம் ஒன்றுதான்' என்ற புதுத் தவறு இங்கேதான் பிறந்தது. ஒன்றானது துளையின் வடிவம் மட்டும்தான்.

சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும். 5 ஆம்பியர் கடத்த வேண்டுமானால் முனைக்குள் 'நான் தாங்குவேன்' என்று சொல்லும் ஒரு சிறு சிப் இருக்க வேண்டும். சாம்சங்கின் 45 வாட் சார்ஜரை வாங்கிவிட்டு, ஏதோ ஒரு கேபிளைச் செருகி, 'வேகமே வரலையே' என்று புலம்புகிறவர்கள் பார்க்க வேண்டியது கேபிளைத்தான். ஒப்போ, ஒன்பிளஸ் போன்களின் 80 வாட் சார்ஜரில் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்: 11 வோல்ட், 7.3 ஆம்பியர் என்று இருக்கும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான யுஎஸ்பி தரத்தின் உச்சமே 5 ஆம்பியர்தான். ஆகவே அந்த வேகம் அவர்களுடைய சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் வரும். வேறு சார்ஜரில் போட்டால் போனுக்கு ஆபத்தில்லை, மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அதேபோல் 65 வாட் லேப்டாப் சார்ஜரைப் போனுக்குப் போடவும் பயப்பட வேண்டாம். எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போன்தான்.

வீட்டில் நடந்தது ஒன்று. மலிவாக வாங்கிய டைப்-சி டிரிம்மர் என் புது சார்ஜரில் ஏறவே இல்லை. பழுது என்று குப்பையில் போடப் போனேன். பழைய தட்டை முனைக் கேபிளைச் செருகியதும் விளக்கு எரிந்தது. சி-டு-சி கேபிளில் செருகும்போது 'இங்கே ஒரு கருவி இருக்கிறது' என்று சார்ஜருக்குத் தெரிவிக்க, டிரிம்மருக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். சில பைசா பொருள். அதைக்கூட மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் கதை போதும். டைப்-சி கேபிள்களை வாங்கி வாங்கிச் சோதித்து வந்தார். 2016 பிப்ரவரியில், உள்ளே கம்பி மாற்றி இணைக்கப்பட்ட ஒரு கேபிளைச் செருகியதும் அவருடைய குரோம்புக் பிக்சல் லேப்டாப் கெட்டுப்போனது. பஸ் ஸ்டாண்டில் கொத்தாகத் தொங்கும் கேபிளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த லேப்டாப் ஞாபகம்தான். சார்ஜர் வாங்கும்போது, ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயரில் பதிவு என்று காட்டும். காட்டாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிள் ஆடுகிறது, ஒருபக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால் உடனே சார்ஜிங் போர்டை மாற்றக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் சட்டைப் பையின் பஞ்சு துளைக்குள் அடைந்திருக்கும். போனை அணைத்துவிட்டு, குண்டூசியால் அல்ல, மரப் பல்குச்சியால் மெல்ல நெம்பினால் வரும். நனைந்த போனுக்குச் சார்ஜ் போடவே கூடாது. அரிசியிலும் புதைக்க வேண்டாம். அரிசித் துகள் உள்ளே போவதுதான் மிச்சம்.

உப்பிய பேட்டரிக்கு வருவோம். அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, மறுபடி சார்ஜ் போடக்கூடாது, குப்பைத் தொட்டியில் எறியக்கூடாது. அன்று மாலையே சித்தப்பாவைக் கடைக்குக் கூட்டிப் போனேன். பையன் பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்பளம் போல் உப்பியிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து எடுத்தான். மணல் போட்ட பெயிண்ட் டப்பாவில் அதைப் படுக்க வைத்துவிட்டு, புதியதைப் பொருத்தி நீட்டினான். திரையில் 46 சதவீதம் காட்டியது.

சித்தப்பா கேட்டார்: "இதை முதல்ல எட்டு மணி நேரம் போடணுமா தம்பி?"