மேடைப் பெயர் வைத்துக்கொள்வது எப்படி?

முதலில் பெயரை எழுதிப் பார்க்காதீர்கள், சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். 'மதிவதனன்' என்று ஆசையாக வைத்துக்கொண்டு நான் ஏறிய முதல் மேடையில், அறிவிப்பாளர் "மதி... வந்தனம்" என்றார். முன்வரிசையில் ஒரு பெரியவர் பதிலுக்குக் கை கூப்பினார். அன்றோடு அந்தப் பெயருக்கும் வந்தனம்.

அடுத்தது, அதே பெயரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறாரா என்று தேடுவது. இதுதான் பெரிய வேலை. சரவணன் என்று ஒரு நடிகர் இருந்ததால்தான் சிவகுமாரின் மகன் சரவணன், சூர்யா ஆனார். ஹாலிவுட் நடிகர் மைக்கேல் கீட்டனின் இயற்பெயர் மைக்கேல் டக்ளஸ். அந்தப் பெயரில் வேறொரு நடிகர் அங்கே முந்திவிட்டார். எமிலி ஸ்டோன் எம்மா ஸ்டோன் ஆனதும் இதே சிக்கலால்தான்.

முழுசாக மாற்ற மனமில்லையா? முன்னால் ஒரு சொல் போதும். நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்த வி.சி. கணேசனுக்கு 'சிவாஜி' ஒட்டிக்கொண்டது. கணேசன் அப்படியே இருந்தார். ஆனால் அப்படிப்பட்ட பட்டம் பிறர் வாயிலிருந்து வரவேண்டும். நாமே போட்டுக்கொண்டால் கேலிதான்.

எண்கணித ஜோதிடம் பார்ப்பது உங்கள் இஷ்டம்.

அப்புறம், ஒப்பந்தத்தில் 'இன்னார் என்கிற இன்னார்' என்று இரண்டு பெயரும் இருக்கட்டும். மேடைப் பெயருக்கு வந்த என் முதல் காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. பணம் மட்டும் இயற்பெயருக்கு என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.