கார் ஏசிக்குக் கேஸ் அடிக்க முதல் ஃபேனைப் பாருங்க

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஓடும்போது குளிர். காத்தான்குடிச் சனத்துக்குள் நின்றால் அடுப்படி. சூடான கச்சான் காற்றுக் காலம் முழுக்க என் விட்ஸ் கார் இப்படித்தான். கராஜில் "கேஸ் குறைவு" என்று இரண்டு தரம் அடித்தார்கள். குழாயும் மூட்டும் இறுக்கமாக இருந்தால் கேஸ் சும்மா தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது.

கொம்பிரசர் அமுக்கிச் சூடாக்கிய கேஸ், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் சூட்டை விட்டுத் திரவமாகும். டாஷ்போட்டுக்குள் கூலிங் கொயிலில் ஆவியாகி உள்சூட்டை உறிஞ்சும். ஓடும்போது எதிர்காற்றே கண்டென்சரைக் குளிர்த்தும். நின்றால் அங்குள்ள ஃபேன்தான் கதி.

1. எஞ்சினைப் போட்டு ஏசியையும் போடுங்கள். "டக்" என்று கொம்பிரசரின் கிளச் பிடிக்க வேண்டும். (அக்குவா போன்ற ஹைபிரிட் கார்க்காரர் ஒறேஞ்ச் வயரில் கை வைக்க வேண்டாம், உயர் வோல்ற்றேஜ். அதில் இந்த "டக்"கும் இல்லை.)

2. ஃபேன் சுற்றுதா? சுற்றாவிட்டால் முதலில் பியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) பாருங்கள்.

3. நான் வழுக்கிய இடம் இது. ஃபேன் பிளக்கைக் கழற்றி மீற்றர் வைத்தேன், 12 வோல்ற் காட்டியது. மோட்டர் செத்துவிட்டது என்று பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கிப் பூட்டினேன். அதுவும் அசையவில்லை! மறுகா ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பைப் பிளக்கில் கொழுவினேன். மங்கலாக முழித்தது. ரப்பரை உரித்தால் வயர் முனை பச்சைப் பாசி பிடித்துப் பொடியாக உதிர்ந்தது. கடலோர உப்புக்காற்றின் வேலை. அரித்த வயரிலும் வோல்ற் காட்டும், மோட்டரைச் சுற்றும் கரண்ட் போகாது. அதனால் மீற்றரைவிடப் பல்பையே நம்புகிறேன். பட்டரியைக் கழற்றிவிட்டு முனையை வெட்டிப் புதிதாகப் போட்டேன், முடிந்தது.

4. கண்டென்சரை மெல்லிய தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வொஷர் வேண்டாம், தகடு மடியும்.

5. அம்பாறைப் பக்கம் அறுவடைக்காலத்தில் ஓடுபவர்கள் கிளவ் பொக்ஸுக்குப் பின்னாலுள்ள ஏசி பில்டரையும் உருவிப் பாருங்கள். என்னுடையதில் வைக்கோல் தூசு மெத்தைபோல் இருந்தது.

ஹீட்டர்? எஞ்சின் சுடுதண்ணீரில் ஓடுவது. நுவரெலியா போனால்தான் நமக்கு வேலை. ஆனால் சூட்டுக் குமிழ் பாதியில் சிக்கினால் குளிரோடு சூடும் கலந்து வரும்.

பிற்சேர்க்கை: இடப்பக்கக் கால்மாட்டில் தண்ணீர் தேங்குதாம், அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அது கேஸ் இல்லை தம்பி. கூலிங் கொயிலில் வேர்க்கும் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கு. காருக்கு அடியில் அதன் வாயைத் தேடி மெதுவாகக் குத்திவிடுங்க, முகத்தை மட்டும் தள்ளி வைச்சுக்கொள்ளுங்க.