வாடகை வீடு, நனைந்துபோன லேப்டாப்: என் அனுபவம்

மாடி வீட்டுக் குழாய் வெடித்து என் அலமாரி முழுக்கத் தண்ணீர். லேப்டாப்பைத் தூக்கினால் கீபோர்டு இடுக்கிலிருந்து சொட்டியது. வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன். அது கட்டடத்துக்குத்தானாம், என் பொருள்களுக்கு இல்லை. மனசே விட்டுப்போச்சு.

அடுத்த வாரமே என் பொருள்களுக்கென்று வாடகைதாரர் பாலிசி எடுத்தேன். தேய்மானம் கழித்துத் தருவார்களா, புதிதாக வாங்கும் விலையையே தருவார்களா என்று முதலில் கேட்டேன். பிரீமியம் கூடினாலும் இரண்டாவதுதான் சரி; பழைய லேப்டாப்புக்குத் தேய்மானம் போனால் என்ன மிஞ்சும்? நகைக்குத் தனி உச்சவரம்பு இருந்ததால் அம்மாவின் வளையலைத் தனியாகச் சேர்த்தேன். வெள்ளச் சேதம் இதில் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு அலமாரிக் கதவு ஒவ்வொன்றையும் திறந்து வீடியோ எடுத்தேன். சீரியல் நம்பர்களைக் கிட்டத்தில் படம்பிடித்து, பில்லோடு ஈமெயிலில் போட்டுவைத்திருக்கிறேன். புதுசாக எது வாங்கினாலும் அன்றே அதில் சேர்த்துவிடுகிறேன்.